ஓட்டல்ல பேசுற அளவுக்கு ஜப்பானிஸ்: நாகர்கோவில்ல ஆறு ஞாயிறு

மகள் ஒசாகாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க நானும் அக்காவும் ஏப்ரலில் போய் வந்தோம். போவதற்கு முன்னால் வடசேரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற வகுப்புக்குப் போனோம். ஆறு ஞாயிறு, ஆளுக்கு 1,800 ரூபாய். பரீட்சைக்கான படிப்பு இல்லை. சாப்பாட்டுக் கடையில் பேசிப் பழக மட்டும். மாடிப்படி செங்குத்து, முட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே டீச்சர் போர்டில் ‘கோரே ஓ ஃபுதாத்ஸு குதாசாய்’ என்று எழுதி, அதுக்கு நேர் கீழே ‘இதை ரெண்டு தாங்க’ என்று எழுதினார். ‘கோரே’ இது, ‘ஓ’ நம்ம ‘ஐ’, ‘ஃபுதாத்ஸு’ ரெண்டு, ‘குதாசாய்’ தாங்க. வரிசை கொஞ்சம்கூட மாறவில்லை. ‘மிஸு அரிமாஸ் கா’ என்றால் தண்ணி இருக்கா. கடைசியில் நிற்கிற ‘கா’தான் நம்ம ‘ஆ’. எட்டாவதோடு படிப்பை நிறுத்தின அக்கா, மூணாவது வாரம் தானாகவே வாக்கியம் கட்டினாள். குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்தானே: ‘பீரு’ என்று நீட்டினால் குடிக்கிற பீர், ‘பிரு’ என்று குறுக்கினால் கட்டடம்.

அங்கே சாப்பிடுகிற குச்சியைப் பிடிக்க, அவித்த மரச்சீனித் துண்டில் ஆரம்பித்து சிறுபயறு வரை பழக்கினார். குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கிற சோறு. ஒருத்தர் குச்சியிலிருந்து இன்னொருத்தர் குச்சிக்கு மாற்றவும் கூடாது; தகனம் முடிந்து எலும்பு எடுக்கிற முறை அது. காரணத்தோடு சொன்னதால் ஒன்றும் மறக்கவில்லை.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை சைவம். ‘நிகு நாஷி தே’ என்று சொன்னால் இறைச்சி மட்டும்தான் போகும், சாற்றில் தாஷி என்கிற அடிப்படைச் சாறு இருக்கும் என்று டீச்சர் எச்சரித்தார். சூரை இன மீனை அவித்துப் புகையில் உலர்த்திச் சீவி, அதிலிருந்துதான் பெரும்பாலும் தாஷி இறக்குகிறார்கள். நம்ம மாசிக் கருவாடேதான்! இந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு சரி. வெள்ளியன்று மகள் வீட்டில் கஞ்சியும் பயறும்தான்.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை இல்லை. வாசலில் இருக்கிற மெஷினில் காசு போட்டு டோக்கன் எடுத்துவிட்டு உட்காருகிற கடைகள் அங்கே நிறைய. அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை வரவில்லை. நம்பா ஸ்டேஷன் பக்கம் ராமென் என்கிற நூடுல்ஸ் சூப் கடை மெஷின் முன்னால் நின்றோம். பட்டன் எல்லாம் ஜப்பானிய எழுத்து, படமே கிடையாது. பின்னால் அஞ்சு பேர் காத்து நிற்கிறார்கள். அக்கா உள்ளே பார்த்து ‘சுமிமாசேன்!’ (‘மன்னிக்கணும்’ மாதிரி) என்று சத்தமாகக் கூப்பிட்டாள். அங்கே அப்படிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லை. கடைப் பையன் ஓடி வந்தான். ‘ஒசுசுமே வா நான் தெஸ் கா’, எது நல்லா இருக்கும் என்று கேட்டேன். மேல் வரிசையில் இடது ஓரப் பட்டனைக் காட்டினான்.

சாப்பிட்டு எழுந்து ‘கோச்சிசோ சாமா தேஷிதா’ என்றோம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்கிற வார்த்தை. அடுப்படியில் நின்றவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பித் தலை குனிந்தார். டிப்ஸ் வைக்கிற பழக்கம் அங்கே இல்லை, அதுவும் வகுப்பில் சொன்னதுதான்.

மெஷினை நாலு போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வகுப்பில் காட்டுவதாகச் சொன்னார். சேருகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.