காலண்டரா, மெழுகுவர்த்தியா, குடிலா? 3 வருஷம் மாத்தி மாத்தி செஞ்சு பாத்த கதை

கிறிஸ்துமஸ்னா புது டிரெஸ், கிஃப்ட்டு, அத்தோட முடிஞ்சிருது, நம்ம வீட்டுக்குன்னு வருஷா வருஷம் செய்யற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும்னு மூணு விஷயத்தை மூணு வருஷம் மாத்தி மாத்தி செஞ்சோம். காசு கணக்குல மூணுமே ஒண்ணுதான், பெருசா செலவே இல்ல. நான் பாக்கறது வேற, ஒரு நாள் மறந்துட்டா அது தாங்குமா தாங்காதா, அவ்ளோதான்.

முதல்ல அட்வென்ட் காலண்டர், அதாவது கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்னு எண்ணிக்கிட்டே வர்றது. டிசம்பர் 1-லருந்து 24 வரைக்கும் 24 கவர், ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டுச்சீட்டு, "இன்னைக்கு பாட்டிக்கு போன்ல பாட்டு பாடு", "விளையாடாத பொம்மை ஒண்ணை யாருக்காவது குடு", இப்படி. முதல் வாரம் சூப்பரா போச்சு. 9-ம் தேதி பெரியவனுக்கு காய்ச்சல், அதுல நின்னது, அப்புறம் 5 கவர் சேந்துபோய் ஒரே நாள்ல பிரிச்சு, யாரு பிரிக்கறதுன்னு அடிதடி வேற. அதுவும் இல்லாம 24 சீட்டு யோசிச்சு எழுதறதுக்குள்ள நமக்கு தாவு தீந்துடும். லூக்கா நற்செய்தில சரியா 24 அதிகாரம், நாளுக்கு ஒண்ணு படிக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க, நல்ல ஐடியாதான், ஆனா முதல் அதிகாரமே 80 வசனம், 4 வயசு வாண்டு எங்க உக்காரும்? இதுக்கு 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் வழக்கமே தேவல, கதவுல சாக்பீஸ்ல 24 கோடு, தினம் ஒண்ணை பிள்ளைங்க அழிக்கணும். மறந்தா மறுநாள் ரெண்டு கோடு அழிச்சா தீந்துச்சு.

அடுத்தது மெழுகுவர்த்தி வளையம். 1839-ல ஹாம்பர்க்ல யோஹான் ஹின்ரிச் விச்செர்ன்னு ஒரு போதகர், ஏழைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்தினவர், கிறிஸ்துமஸ் எப்ப எப்பன்னு நச்சரிச்ச பசங்களுக்காக ஒரு சக்கரத்துல வார நாளுக்கு சின்ன மெழுகுவர்த்தி, ஞாயித்துக்கிழமைக்கு பெருசுன்னு வச்சாராம். இப்ப பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற 4 ஞாயிறுக்கு 4 மெழுகுவர்த்தி மட்டும்தான், வாரம் ஒண்ணா ஏத்தணும். வேலை ரொம்பக் கம்மி, அதான் இதோட பிளஸ். ஆனா வாண்டுங்களுக்கு ஒரு வாரம்ங்கறது ஒரு யுகம், தீ பக்கத்துல நாம நின்னுக்கிட்டே இருக்கணும், எங்க சின்னவ பர்த்டேன்னு நினைச்சு ஊதி அணைச்சுட்டு கைதட்டினா. பத்து வயசுக்கு மேல இருந்தா இதுதான் பெஸ்ட்டுன்னு சொல்வேன்.

எங்க வீட்ல நின்னது குடில்தான், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை சின்னதா செஞ்சு வைக்கறது, அதுவும் காலி குடில். 1223-ல இத்தாலில கிரெச்சோங்கற ஊர்ல புனித அசிசி பிரான்சிஸ் வச்சதும் வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, பக்கத்துல நிஜ மாடு, கழுதை, அவ்ளோதான். நாங்க ஷூ டப்பாவை கவுத்துப்போட்டு, உள்ள தீப்பெட்டித் தொட்டி ஒண்ணு வச்சு, யாராவது நல்லது செஞ்சா அதுல ஒரு நூல் போடணும்னு ரூல் வச்சோம். மொத வாரமே பெரியவன் கைநிறைய நூலோட வந்து நின்னான், அவனுக்கு அவனே மார்க் போட்டுக்கிட்டான். அதனால ரூலை மாத்தினோம், நீ செஞ்சதுக்கு இல்ல, உனக்கு அடுத்தவங்க செஞ்சதுக்குத்தான் நூல். அன்னைக்கு சாயங்காலம் சின்னவ மெதுவா வந்து ஒரே ஒரு நூல் போட்டா, என்னன்னு கேட்டா "அண்ணன் இன்னைக்கு அடிக்கல". பாலன் இயேசு 24 ராத்திரிதான் தொட்டிக்கு வருவாரு, அதுவரைக்கும் என் சட்டைப்பைல.

பாலன் இயேசுவைப் பாக்க வந்த ராஜாக்கள் மூணு பேரும் துணி கிளிப்புல செஞ்சது. பெட்ரூம் ஜன்னல்ல கிளம்பி, தினம் கொஞ்சம் கொஞ்சமா நகந்து, ஃப்ரிட்ஜ் மேல ஏறி எறங்கி, அவங்க திருநாளான ஜனவரி 6-க்கு குடிலுக்கு வரணும். நகத்த மறந்தா ஒட்டகத்துக்கு ரெஸ்ட்டுன்னு சொல்லிக்கலாம், எந்தச் சாக்கும் இதுல செல்லும். போன வருஷம் பாதி வழியில ஒரு ராஜா காணாமப் போயிட்டாரு, பெரியவன் அழ ஆரம்பிச்சுட்டான், பைபிள்ல மத்தேயு எத்தனை பேர்னே எழுதலடா, ரெண்டு பேரும் சரிதான்னு சமாளிச்சேன். மார்ச் மாசம் துணி காயப்போடும்போது கொடியில தொங்கிட்டு இருந்தாரு, கிரீடத்தோட. இந்த வருஷம் அவரு மட்டும் நவம்பர்லயே கிளம்பணுமாம், சின்னவ ஆர்டர்.