எச்-குறியீடா, துறைச் சராசரியா, கூட்டு மதிப்பெண்ணா?

ஓர் உயிர்வேதியியலாளரையும் ஒரு கணிதவியலாளரையும் அவர்களது ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் (பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கை) மட்டுமே கொண்டு ஒப்பிட வேண்டிய நிலை, பணி நியமனக் குழுக்களுக்கும் விருதுக் குழுக்களுக்கும் அடிக்கடி நேர்கிறது. அதற்கு எச்-குறியீடு, துறைச் சராசரியோடு ஒப்பிடும் விகிதம், ஸ்டான்ஃபோர்டு பட்டியலின் கூட்டு மதிப்பெண் ஆகிய மூன்றும் இன்று போட்டியிடுகின்றன.

எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்தவர் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ். தலா 40 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் ஒருவருக்கு 40 இருந்தால் அவரது குறியீடு 40. கணக்கு எளிது என்பதாலேயே அது பரவியது. ஆனால் துறை தாண்டினால் அது பயன்படாது என்பதற்கான சான்று ஹிர்ஷின் அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. இயற்பியலாளர்களில் முதலிடம் பெற்ற எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிர் அறிவியலில் முதலிடம் பெற்ற சாலமன் ஸ்னைடருக்கு 191. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 1990-இல் பெற்ற விட்டனைவிட ஸ்னைடர் ஒன்றே முக்கால் மடங்கு பெரியவர் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ள மாட்டார்கள். உயிர் அறிவியலில் ஆய்வகங்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் வரும் துணைநூற்பட்டியலும் நீளம். வேறுபாடு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இன்னொரு குறையும் உண்டு. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைப் பற்றி ஆலிவர் லவ்ரி 1951-இல் வெளியிட்ட கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. ஆனாலும் அவரது எச்-குறியீட்டில் அது கூட்டுவது ஒன்றே ஒன்றுதான்.

துறைச் சராசரி விகிதம் இந்தச் சிக்கலை நேரடியாகவே எதிர்கொள்கிறது. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே துறையில் அதே ஆண்டில் வெளிவந்த அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுக்கிறார்கள். விடை 1 என்றால் சராசரி, 2 என்றால் அதைப்போல் இருமடங்கு. துறை தாண்டிய ஒப்பீட்டுக்கு இதுவே நேர்மையான தொடக்கம். ஆனால் சராசரிக்கே உரிய பலவீனம் இதற்கும் உண்டு: லவ்ரியின் கட்டுரையைப் போன்ற ஒன்று பட்டியலில் இருந்துவிட்டால், மற்றவை எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் விகிதம் எகிறிவிடும்.

கூட்டு மதிப்பெண்ணைத் தமிழ் வாசகர்கள் வேறு பெயரில் அறிவார்கள். ‘உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்’ என்று கல்லூரிகள் அறிவிப்பது ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து தயாரிக்கும் பட்டியலைத்தான். அது ஆய்வுலகை 22 துறைகளாகவும் 174 உட்துறைகளாகவும் பிரித்து, ஆறு அளவுகளைக் கூட்டி மதிப்பெண் தருகிறது. கூட்டாசிரியர் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்வது இதன் பெரும் சிறப்பு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வெளிவந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்களைப் பெயர்களும் அவர்களது நிறுவனங்களுமே நிரப்பின. எச்-குறியீட்டைப் பொறுத்தவரை இவர்கள் ஒவ்வொருவருக்கும் அது முழுக் கட்டுரை.

ஆனால் இங்கேயும் ஒரு துறை அடிவாங்குகிறது. ஆறு அளவுகளில் மூன்று, ஆசிரியர் தனியாகவோ முதலாவதாகவோ கடைசியாகவோ இடம்பெற்ற கட்டுரைகளின் மேற்கோள்களை மட்டும் எண்ணுகின்றன. ஆய்வகத் தலைவரின் பெயர் கடைசியில் வரும் உயிர் அறிவியலுக்கு இது பொருந்தும். கணிதத்திலோ பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வருகின்றன. மூவர் சேர்ந்து எழுதினால் நடுவில் நிற்பவருக்கு அந்த மூன்று அளவுகளிலும் எதுவும் கிடைக்காது; அவர் செய்த ஒரே தவறு பெயரின் முதலெழுத்து.

ஒரே துறையில் ஏறக்குறைய ஒரே வயதுடைய இருவரைப் பார்க்க எச்-குறியீடே முதற்பார்வைக்குப் போதும். துறை மாறினால், சராசரியையும் விட்டுவிட்டு, ஒருவரது கட்டுரைகளில் எத்தனை அந்தந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட முதல் 10 விழுக்காட்டில் இருக்கின்றன என்று கேட்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒற்றைப் பெருங்கட்டுரை அந்தக் கணக்கைக் கவிழ்க்க முடியாது. வாசலை 1 விழுக்காடாகக் குறுக்கினால் மட்டும் கவனம் தேவை. மேற்கோள்கள் குறைவாகவே கிடைக்கும் கணிதத்தில், நண்பர்கள் சிலர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினாலே அந்த வாசல் திறந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்கள் பட்டியலிலிருந்து, அதை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் கணிதத்தை அடியோடு நீக்கியது இந்த அச்சத்தால்தான்.