ஐடிலிங்ல வண்டி ஆடுதுன்னு போனா இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) போச்சுன்னு சொல்லி காசு புடுங்குறாங்க, உஷாரா இருங்க

பழைய பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க, முக்கியமா வீட்ல வயசானவங்க தனியா வண்டிய எடுத்துட்டு ஒர்க்‌ஷாப் போறாங்கன்னா இதை முழுசா படிச்சிடுங்க. எங்க அப்பாகிட்ட 23,500 ரூபா வாங்கிட்டு வண்டிய முன்ன இருந்ததை விட மோசமா திருப்பி குடுத்தாங்க, அதுக்கு மேல இன்னும் 18,000 வேணும்னு கேட்டாங்க. கடை பேரை இங்க போடல, புகார் குடுத்திருக்கோம், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனா இவங்க பண்ற முறையை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

வண்டி 2008 மாடல் சான்ட்ரோ ஜிங், 1.1 லிட்டர் நாலு சிலிண்டர், நம்ம இருங்காட்டுக்கோட்டையில செஞ்ச வண்டி. அப்பா அதை அவ்ளோ பத்திரமா வச்சிருக்காரு. சில வாரமா ஐடிலிங்ல, அதாவது சிக்னல்ல நியூட்ரல்ல நின்னா ஸ்டியரிங், சீட்டு எல்லாம் நடுங்குது, ஏசி போட்டா ஆஃப் ஆயிடுமோன்னு இன்ஜின் வேகம் (ஆர்பிஎம்) இறங்கி இறங்கி ஏறுது, ஓடும்போது மட்டும் பெருசா தெரியல, பிக்கப் லேசா கம்மி. இதான் கம்ப்ளைன்ட்.

ஓஎம்ஆர் பக்கம் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப். ஏசி ரூம், காபி, பெரிய ஸ்கிரீன் எல்லாம் இருக்கு. அங்க இருந்த அட்வைசர் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் கூட கேக்கல, "சார், ஸ்கேன் போட்டுட்டோம், இன்ஜெக்டர் நாலும் போச்சு, அதான் ஆடுது, செட்டா மாத்திடலாம்"னு சொல்லிட்டாரு. இன்ஜெக்டர்னா ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை தூவி விடுற பார்ட். என்ன ஃபால்ட் கோட் வந்துச்சு, எந்த சிலிண்டர்ல மிஸ்ஸிங் (சரியா எரியாம விடுறது), ஒண்ணுமே சொல்லல, ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட காட்டல. அப்பா சரின்னு விட்டுட்டு வந்தாரு, போன்ல கேக்கும்போதெல்லாம் "பார்ட் வரணும் சார்". கடைசில வண்டிய எடுக்க போனப்ப ஆட்டம் இன்னும் அதிகம். கேட்டா "அப்போ இசிஎம் போயிருக்கு சார், பழைய வண்டி இல்லையா, 18,000 ஆகும்". கையில குடுத்தது ஒரு வெள்ளை பேப்பர்ல எழுதின தொகை, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பார்ட் நம்பர் இல்ல. பழைய இன்ஜெக்டர் எங்கன்னு கேட்டா "ஸ்கிராப்ல போட்டுட்டாங்க"ன்னாங்க.

அதுக்கு அப்புறம்தான் எனக்கு விஷயமே தெரியும். அப்பாவோட பழைய ஆபீஸ் நண்பர் சொல்லி வியாசர்பாடில ஒரு பாய்கிட்ட வண்டிய கொண்டு போனோம். முப்பது வருஷத்துக்கு மேல இதே வேலை பாக்குறவரு. அவர் செஞ்சதை பக்கத்துலயே நின்னு பாத்தேன், அதை கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இதுல முதல் பாதிக்கு காசே செலவு இல்ல.

வண்டிய ஐடிலிங்ல விட்டுட்டு இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டினாரு. நல்லா எரியுற சிலிண்டரோட கனெக்டரை கழட்டினா இன்ஜின் இன்னும் தடுமாறும், ஆர்பிஎம் டக்குனு இறங்கும். மூணாவதை கழட்டினப்ப ஒரு வித்தியாசமும் இல்ல. "தம்பி, மூணு சிலிண்டர்லதான் ஓடுது, மூணாவது செத்து கிடக்கு, இதுக்கு இசிஎம் எல்லாம் எதுக்கு"ன்னாரு. அப்புறம் நெருப்பு பொறி குடுக்குற ஸ்பார்க் பிளக்கை கழட்டி வரிசையா துணில வச்சாரு. மூணும் லேசான காப்பி கலர், அதான் சரியான கலராம், மூணாவது சிலிண்டர் பிளக் மட்டும் ஈரமா பெட்ரோல் வாசனையோட இருந்துச்சு. பெட்ரோல் வருது, நெருப்பு வரலன்னு அர்த்தம். பிளக்குக்கு கரண்ட் கொண்டு போற ஹெச்டி வயரை மீட்டர் வச்சு பாத்தா மத்த மூணும் கிலோ ஓம்ல ரீடிங் காட்டுது, அது மட்டும் ஓப்பன், உள்ள கட் ஆகியிருக்கு. அந்த வயரை ரெண்டாவது சிலிண்டருக்கு மாத்தி போட்டாரு, மிஸ்ஸிங் ரெண்டாவதுக்கு போயிடுச்சு. அவ்ளோதான், கண்டுபிடிச்சாச்சு. ஒரு ஹெச்டி வயர்!

ஆனா புது வயர் போட்டதும் மூணாவதுல மிஸ்ஸிங் முழுசா போகல, குறைஞ்சுது, அவ்ளோதான். அங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. இன்ஜின் ஆறுற வரைக்கும் காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, இன்ஜெக்டர் அடியில கார்ப் கிளீனரை லேசா அடிச்சாரு (சூடான இன்ஜின்ல இதை யாரும் செஞ்சு பாக்காதீங்க, தீ புடிக்கும்). மூணாவது இன்ஜெக்டர்கிட்ட அடிச்சதும் ஐடிலிங் சத்தமே மாறுது. கழட்டி பாத்தா அடி ஓ ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) நசுங்கி வெட்டுப்பட்டிருக்கு, அது வழியா காத்து அந்த ஒரு சிலிண்டருக்குள்ள எக்ஸ்ட்ராவா போகுது. ஐடிலிங்ல த்ராட்டில் (காத்து போற வழியில இருக்குற மூடி) கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ள போற காத்தே கம்மி, அதனால சின்ன லீக்கே அந்த சிலிண்டரை தடுமாற வச்சிடும், ஆக்சிலேட்டர் மிதிச்சா தெரியாது. அது வண்டில முன்னாடி இல்லாத ப்ராப்ளம், இன்ஜெக்டரை கழட்டி மாட்டினவங்க பண்ணி வச்சது. மேல் ஓ ரிங் இப்படி வெட்டுப்பட்டிருந்தா சூடான இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகியிருக்கும், அந்த வண்டில அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டு வந்திருக்காங்க.

இன்னொண்ணு. "புதுசு"ன்னு காசு வாங்கின இன்ஜெக்டர் நாலுலயும் மஞ்சள் பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கு, ஓரத்துல பழைய மண்ணு ஒட்டியிருக்கு. பாய் பாத்ததும் சொல்லிட்டாரு, இது உடைச்ச வண்டில கழட்டின சாமான்னு. புதுப்பேட்டைல பழைய பார்ட் வாங்கி போடறது தப்பே இல்ல, பழைய வண்டிக்கு பல பேர் அப்படித்தான் சமாளிக்கிறாங்க, ஆனா பழசுன்னு சொல்லி பழசு விலைக்கு போடணும். அப்பா குடுத்துட்டு வந்த ஒரிஜினல் இன்ஜெக்டர்ல பெரும்பாலும் எந்த தப்பும் இருந்திருக்காது, ஏன்னா முதல்ல ஆடினதுக்கு காரணம் அந்த வயர்தான். இன்ஜெக்டர் மேல உண்மையிலயே சந்தேகம்னா கூட அதை பெஞ்ச்ல போட்டு நாலும் ஒரே அளவு தள்ளுதா, ஸ்பிரே சரியா வருதான்னு கண்ணால காட்டலாம், அல்ட்ராசோனிக்ல கிளீன் பண்ணலாம், மாத்தறது அதுக்கு அப்புறம்.

வயர் செட், நாலு பிளக், ஓ ரிங், த்ராட்டில் பாடியும் ஐடில் ஆக்சுவேட்டரும் (ஐடிலிங்ல போற காத்தை கட்டுப்படுத்துறது) கழட்டி கிளீன் பண்ணது (உள்ள கரி அப்பியிருந்துச்சு, ஏசி போட்டா இறங்கினதுக்கு அது ஒரு காரணம்), லேபர் எல்லாம் சேத்து 3,400 ரூபா. பில்லு குடுத்தாரு, கழட்டின சாமான் எல்லாம் கவர்ல போட்டு குடுத்தாரு. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாத்தாரு, நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இப்ப ஐடிலிங் சீரா நிக்குது, ரிவர்ஸ் போட்டா மட்டும் லேசா ஒரு அதிர்வு, அது இன்ஜினை தாங்குற மவுண்டிங், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. ஆர்பிஎம் ஆடாம பாடி மட்டும் அதிர்ந்தா முதல்ல மவுண்டிங்கை சந்தேகப்படணுமாம், அதுக்கும் இன்ஜெக்டர் மாத்தின கதை நிறைய பாத்திருக்காராம்.

ஐடிலிங் ஆடுதுன்னு போனா முதல் வார்த்தையே இன்ஜெக்டர், இசிஎம்னு வந்துச்சுன்னா வண்டிய அங்க விடாதீங்க. எந்த சிலிண்டர்ல மிஸ்ஸிங்னு கேளுங்க, பிளக்கை கழட்டி காட்ட சொல்லுங்க, ஸ்கேன் பண்ணா கோடை போட்டோ எடுத்துக்கோங்க. பார்ட் மாத்தறதுக்கு முன்னாடி எஸ்டிமேட்டும், கழட்டின பழைய பார்ட் வேணும்ங்கிறதும் வாட்ஸ்அப்லயாவது எழுத்துல இருக்கட்டும். அதுக்காக ஆடுற வண்டிய அப்படியே ஓட்டிட்டும் இருக்காதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை காலி பண்ணிடும், அது உண்மையிலயே பெரிய செலவு.

பில் குடுக்காததே 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல முறையற்ற வணிக நடைமுறைன்னு இருக்கு. 1915க்கு போன் பண்ணா தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழ்லயே பேசலாம், நாங்க அதுலதான் பதிவு பண்ணோம். சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், நாம குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அப்பா பணத்தை ஜிபேல அனுப்பினதால அந்த ரெக்கார்டு இருக்கு, வெள்ளை பேப்பர் இருக்கு, பெயிண்ட் அடிச்ச இன்ஜெக்டரை எல்லா பக்கமும் போட்டோ எடுத்து வச்சிருக்கோம், பாய் தான் பாத்ததை எழுதி கையெழுத்து போட்டு குடுத்திருக்காரு.

ஒரிஜினல் இன்ஜெக்டர் நாலையும் திருப்பி குடுங்க, இல்ல பணத்தை குடுங்கன்னு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு தபால்ல லெட்டர் அனுப்பியாச்சு, இன்னும் பதில் வரல. ஓஎம்ஆர் பக்கம் சமீபத்துல யாராவது இன்ஜெக்டர் செட் மாத்தியிருந்தா பானட்டை திறந்து மஞ்சள் பெயிண்ட் நம்பர் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே மனு போடலாம்.