பழைய தின்க்பேட் டி480: எதை மாற்றினேன், எதில் காசு போனது

2025 தொடக்கத்தில் லெனோவாவின் பழைய தின்க்பேட் டி480 லேப்டாப் ஒன்று வாங்கினேன். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கொத்தாகத் தள்ளிவிடுகிற சரக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக் கடைகளில் இட்லித்தட்டு அடுக்கின மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். விலை 19,500 ரூபாய். ஐ5-8350யூ ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 14 அங்குலத் திரை. என் வேலை மெய்ப்புப் பார்ப்பது, அதற்கு இதுவே அதிகம் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே மாற்றி இன்னும் 15,450 ரூபாய் போட்டாகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் சரியான இடத்தில் போகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த மாடல் என்று கேட்டால், இது 2018-இல் வந்தது, உள்ளே இன்டெல் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிற இன்டெல் சிப்களில், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, மிகப் பழைய தலைமுறை அதுதான். ஒரு தலைமுறை முந்தைய டி470 இன்னும் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்ததால் அதை வாங்கிவிட்டு முழிக்க வேண்டியதுதான். இன்னொரு காரணம், டி480-இல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், இரண்டுமே கழற்றி மாட்டுகிற மாதிரி. பெயருக்குப் பின்னால் 'எஸ்' ஒட்டிக்கொண்டு டி480எஸ் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிசாக, பார்க்க அழகாக இருக்கும், அதில் ஒரு பங்கு ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், மீதி ஒரே ஒரு ஸ்லாட். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றில்லை. அடுத்த வருடம் வந்த டி490-இலும் அதே கதைதான்.

திறப்பது ரொம்ப சுலபம், ஆனால் வரிசை முக்கியம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் இருக்கிற பேட்டரியைக் கழற்றினால் மின்சாரம் நின்றுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, முன்பக்கம் உள்ளே இன்னொரு பேட்டரி இருக்கிறது. ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வருகிற செட்டிங்ஸ் திரை) போய், பவர் பகுதியில் உள்பேட்டரியை முடக்குகிற தேர்வைத் தட்ட வேண்டும். மெஷின் தானாக அணைந்துவிடும், மறுபடி சார்ஜர் செருகினால்தான் உயிர் வரும். அப்புறம் அடியில் ஆறு ஸ்க்ரூ. அவை மூடியை விட்டு வெளியே வராது, லூஸானதும் அங்கேயே நிற்கும், அதனால் கட்டிலுக்கு அடியில் ஸ்க்ரூ தேடுகிற வேலை இல்லை. மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்புகள். செல்போன் ரிப்பேர் கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பிளாஸ்டிக் நெம்பி போதும். நான் காலாவதியான ஏடிஎம் கார்டை வைத்து நெம்பி ஒரு கிளிப்பை உடைத்தேன்.

ரேம் விஷயம் ஐந்து நிமிடம். இருந்த 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி, 1,650 ரூபாய். டிடிஆர்4, லேப்டாப்புக்கான சின்ன அளவு. 3200 என்று போட்டிருக்கிற குச்சியை வாங்கினாலும் இந்த மெஷினில் 2400-இல்தான் ஓடும், அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம். சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் டிக் என்று பூட்டிக்கொள்ளும். முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே கிடக்கும், பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள், புது ரேமை அது பழக்கிக்கொள்கிறது. நான் அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பெரிய பிடிஎஃப்பும் இருபது டேப்பும் திறந்து வைத்தால் திணறிக்கொண்டிருந்தது நின்றது. 16-க்கு மேல் எனக்குத் தேவையில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி எல்லாம் அந்தப் பக்கம் போக ஆரம்பித்து ரேம் விலை ஏறிவிட்டது, அதனால் நான் கொடுத்த விலையைக் கடையில் சொல்லிப் பேரம் பேசினால் சிரிப்பார்கள்.

அடுத்தது டிஸ்க், என் முட்டாள்தனம் ஆரம்பிக்கிற இடம். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஆன் ஆகி வேலைக்குத் தயாராவதற்குள் ஒரு டீ போட்டு வந்துவிடலாம், அதனால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற வேகமான டிஸ்க்) கட்டாயம். சாதாரண இரண்டரை அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டியை வாங்கி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே செருகியிருக்கலாம். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் "என்விஎம்இ போடுங்க, பறக்கும்" என்றார். அது இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை. 1 டிபி என்விஎம்இ 5,800. அதை அந்த இடத்தில் உட்கார வைக்க ஒரு தட்டு வேண்டும், அது தனியாக 900.

அட்டைப்பெட்டி, ஒட்டின சீல் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டி, டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தால், ஓடின நேரம் 7,130 மணி. ஏறக்குறைய பத்து மாதம் யார் வீட்டிலோ, எந்த சர்வரிலோ நிற்காமல் ஓடின சரக்கு. மறுநாள் கடைக்குப் போனால், "ஃபேக்டரியில டெஸ்ட் பண்ணிருப்பாங்க சார்" என்றார் கடைக்காரர். பத்து மாதம் டெஸ்ட் பண்ணுகிற ஃபேக்டரியா என்று கேட்டேன். "சாஃப்ட்வேர் சில நேரம் தப்பா காட்டும்." சரி, அப்படியானால் உங்கள் அலமாரியில் இருக்கிற இன்னொன்றை மாட்டிப் பார்ப்போம் என்று அங்கேயே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அது உதவியது. பேசாமல் உள்ளே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார், அதில் 0 மணி. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் எங்கே வாங்கினாலும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பறந்ததா? பெட்டியில் நொடிக்கு 3,500 எம்பி என்று போட்டிருந்தது. எனக்கு வந்தது 1,600 சொச்சம். டிஸ்க்கில் குறை இல்லை. டி480-இல் அந்த இடத்துக்கு டேட்டா போகிற பாதையில் (பிசிஐஇ 3.0) இரண்டு லேன்தான் கொடுத்திருக்கிறார்கள், இந்த வகை எஸ்எஸ்டி நான்கு லேன் எதிர்பார்க்கிறது. நான்கு வழிச் சாலைக்கு வாங்கின லாரியை இரண்டு வழிச் சாலையில் விட்ட மாதிரி. சாட்டாவின் உச்சம் 550 சொச்சம், அதைவிட இது மூன்று மடங்குதான், ஆனால் வேர்டு ஃபைல் திறக்கிறவனுக்கு 550-க்கும் 1,600-க்கும் வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் தெரிகிற வித்தியாசம்தான் பிரமாண்டம். 500 ஜிபி சாட்டா ஒன்றோடு நிறுத்தியிருந்தால் பாதிக்குப் பாதி மிச்சம்.

பழையதை அப்படியே நகலெடுக்கலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா என்றால் நான் புதிதாகத்தான் போட்டேன். லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது. பழைய ஃபைல்களை யுஎஸ்பி–சாட்டா கேபிள் வைத்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது திரை. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த மாடலில் கம்பெனிகள் மொத்தமாக வாங்கினதில் பல 1366×768 புள்ளி (பிக்சல்) கொண்ட, டிஎன் என்கிற மலிவு வகைப் பேனல். கடையில் திறந்து பார்க்கும்போது மலையும் ஏரியுமாக வால்பேப்பர் இருக்கும், நன்றாகத்தான் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் நிறம் வெளுக்கும், அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. பிரச்சினை எழுத்தில் வந்தது. 14 அங்குலத்தில் 768 என்றால் ஓர் அங்குலத்துக்கு 112 புள்ளிதான். ஆங்கிலத்துக்கு ஓடிவிடும். தமிழில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசமே அடியில் இருக்கிற அந்தச் சின்னச் சாய்வுக் கோடு ஒன்றுதான், ஒன்பது பத்து பாயின்ட் அளவு எழுத்தில் அது இரண்டு மூன்று சாம்பல் புள்ளியாகக் கரைந்துவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே, எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கா இல்லையா என்று தெரியாது. நான் மூன்று முறை பார்த்து அனுப்பின புத்தகத்தில் 'பாரம்' என்பது 'பாாம்' என்று அச்சாகி வந்தது, ஒரு இடத்தில் இல்லை, நான்கு இடத்தில். பதிப்பக அண்ணாச்சி போனில் கோபப்படவில்லை, "தம்பி, கண்ணாடியை ஒருக்கா மாத்திப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம். கண் டாக்டரிடமும் போனேன், பவர் மாறவில்லை என்றார்.

அப்போதுதான் திரையைப் பற்றித் தேடினேன். 1920×1080 ஐபிஎஸ் (சாய்த்தாலும் நிறம் வெளுக்காத வகை) பேனலுக்கும் பழையதற்கும் ஒரே 30 பின் கனெக்டர், அதே கேபிள், அப்படியே மாற்றலாம். இதே மெஷினுக்கு 2560×1440 பேனலும் உண்டு, அதற்கு 40 பின், கேபிளையும் மாற்ற வேண்டும், அந்தத் தலைவலி வேண்டாம். தொடுதிரை மாடல் என்றால் கணக்கே வேறு, அதில் கை வைக்காதீர்கள். இந்த வேலையை நான் செய்யவில்லை. இதை மட்டுமே செய்கிற ஒரு ரிப்பேர் பெஞ்சுக்காரரிடம் கொடுத்தேன். சட்டத்தை நெம்பி, பழைய பேனலின் பின்னால் இருக்கிற ஸ்டிக்கரைப் படித்து, "இது உக்காந்துரும் சார்" என்று இருபது நிமிடத்தில் முடித்தார். மூடுவதற்கு முன்னால் முழு வெள்ளை, முழுக் கறுப்பு போட்டுக் காட்டச் சொல்லி, செத்த புள்ளி இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கூலியோடு 5,200. வெளிச்சம் 250 நிட்ஸ், அறைக்குள் தாராளம், பால்கனியில் உதவாது.

அன்றைக்கு இரவு அதே புத்தகத்தின் ஃபைலைத் திறந்தேன். ஓர் அங்குலத்துக்கு 157 புள்ளி. எழுத்து சின்னதாகிவிடும், 125 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டாலும் கூர்மை போகவில்லை. முதல் பத்து நிமிடத்தில் ஏழு பிழை கண்ணில் பட்டது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை, புத்தகம் ஏற்கெனவே கடையில். என் கணக்கில் இந்த 5,200 முதலில் போயிருக்க வேண்டியது, ரேமுக்கும் முன்னால். தமிழில் எழுத்து வேலை பார்க்கிற யாராவது பழைய லேப்டாப் பார்த்தால் வால்பேப்பரைப் பார்க்காமல் ஒரு பக்கம் தமிழைத் திறந்து பாருங்கள்.

பேட்டரி கடைசி, மோசமானதும் அதுதான். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கிற கட்டளை இருக்கிறது, செய்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும். உள்ளே இருந்தது 24 வாட்-மணியில் 11-க்கு வந்திருந்தது. மூடி திறந்துதானே கிடக்கிறது என்று 1,900 கொடுத்து உள்பேட்டரியை மாற்றினேன். ஒரிஜினல் இல்லை, 'கம்பாட்டிபிள்' என்று விற்கிற வகை. நான்கு மாதத்தில் 19 ஆகிவிட்டது. இந்த மாடலின் அழகே பின்பேட்டரியை வெளியிலிருந்து மாற்றலாம் என்பது, உள்ளே சார்ஜ் இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி இன்னொன்று மாட்டலாம். 72 வாட்-மணி பெரிய பேட்டரி ஒன்று கிடைக்கும், அடியில் துருத்திக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கி நிறுத்தும், எனக்கு அந்தச் சாய்வு பிடித்திருக்கிறது. அந்தக் காசை அதில் போட்டிருக்கலாம், ஸ்க்ரூடிரைவரே தேவைப்பட்டிருக்காது.

டி480 வாங்கினால் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, காசு செலவில்லை. யுஎஸ்பி-சி போர்ட்டோடு சேர்ந்த தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் இருக்கிற மென்பொருள்) லெனோவா தளத்திலிருந்து புதுப்பித்துவிடுங்கள். பழைய ஃபர்ம்வேரில் இருக்கிற ஒரு கோளாறால் நாளாவட்டத்தில் யுஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாமல் போகும், சார்ஜும் அதில்தான் ஏறுகிறது. கடைக்காரர்கள் விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள், இதைச் செய்ய மாட்டார்கள்.

வைஃபை கார்டையும் மாற்றலாம் என்கிறார்கள். அந்த ஆன்டெனா முள் கடுகு சைஸில் இருக்கிறது, எனக்கு இருக்கிற வைஃபை போதும்.

அந்த உடைந்த கிளிப் வலது கை வைக்கிற மூலையில். அழுத்தி டைப் அடித்தால் க்ரீச் என்கிறது. இப்போதைக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். புது மூடி 700 சொன்னார்கள், வாங்கவில்லை.