கொல்லிமலையா, ஏற்காடா, கல்லட்டியா? சைக்கிளில் இறங்குபவருக்கு ஓர் அலசல்

மலைப்பாதை என்றாலே நம் ஊரில் முதலில் கேட்பது "எத்தனை கொண்டை ஊசி வளைவு?" என்றுதான். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிக்கு 36, ஏற்காட்டுக்கு 20. இந்த வரிசையை வைத்தே எது பயங்கரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். மவுண்டன் பைக்கில் இறங்குபவருக்கு இந்த எண்ணிக்கை பெரிதாக உதவாது. 70 வளைவுள்ள கொல்லிமலையில் தைரியமாக இறங்கலாம். 36 வளைவுள்ள கல்லட்டியில் இறங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. (வால்பாறையை இங்கே விட்டுவிடுகிறேன். ஆழியாறு சோதனைச்சாவடியில் தொடங்கி அது தனிக் கதை.)

"மவுண்டன் பைக்கை வைத்துக்கொண்டு தார் ரோட்டில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நம் மலைகளில் மண் பாதை என்று இருப்பதில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் போகிறது, அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. மீதி எஸ்டேட்காரர்களின் சொந்தப் பாதை. ஆகவே மலையேறி இறங்க ஆசைப்படும் சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது பேருந்து போகும் சாலைதான். அதிலும் தடித்த டயர், முன்பக்க சஸ்பென்ஷன், அகலமான ஹேண்டில்பார் எல்லாம் வீண் போவதில்லை. வளைவின் உள்பக்கத்தில் தார் எப்படி மடிந்து கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எதைப் பார்த்து ஒப்பிட வேண்டும்? உயரம், அது எத்தனை கிலோமீட்டரில் இறங்குகிறது, இரண்டு வளைவுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், எதிரே வருவது என்ன. இந்த நான்கும்தான்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 8.3 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். சாதாரணத் தண்ணீர் இரண்டரை லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்கில் சூடாக இறங்கும். ஒரே வேகத்தில் போனாலும் சரிவு இரண்டு மடங்கானால் ஒவ்வொரு நொடியும் தொலைக்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு. கல்லட்டியின் வில்லங்கம் இதற்குள்தான் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து தொடங்கலாம். மலை சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர். அடிவாரத்துக்கு இறங்க இருபது கிலோமீட்டர் சொச்சம், அதில் 20 வளைவு. அதாவது சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒன்று. சாலை மூன்றிலும் அகலமானது, தளமும் நன்றாக இருக்கும். இந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. இடைவெளி நீளம் என்பதால் மணிக்கு 45, 50 என்று வேகம் தானாகவே ஏறிவிடும், அடுத்த வளைவு வரும்போது அதையெல்லாம் ஒரே பிடியில் அடக்க வேண்டும். ஆனால் பிரேக்குக்கு இது நல்லது: ஓடவிட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, திரும்பியதும் விட்டுவிட்டால் நடுவில் ஆற நேரம் கிடைக்கிறது. எதிரி சுற்றுலாக் கார்கள். சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா நாட்கள் என்றால் பக்கமே போகாதீர்கள். அப்புறம் குரங்குகள். கார்க்காரர்கள் பொரி, வாழைப்பழம் போட்டுப் பழக்கியதால் வளைவுகளில்தான் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குப்பனூர் வழியாக இறங்கும் இன்னொரு சாலையில் கூட்டம் குறைவு. ஆனால் அது ஒடுக்கம், மழைக்காலத்தில் மண் சரியும்.

கொல்லிமலை வேறு மாதிரி. மேலே இருக்கும் சோளக்காட்டிலிருந்து அடிவாரக் காரவள்ளி வரை அதே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், உயரமும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்தான். ஆனால் வளைவு 70. முந்நூறு மீட்டர் போவதற்குள் அடுத்தது வந்துவிடும். வேகம் பிடிக்கவே நேரம் இருக்காது. 25, 30-ஐத் தாண்டுவதற்குள் மறுபடி பிடிக்க வேண்டும். விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு எழுந்து வர வாய்ப்பு அதிகம். அடி வாங்குவது விரல்கள்தான். பாதி இறங்குவதற்குள் முன்கை இரும்பாகிவிடும், பிரேக் லீவரைப் பிடிக்கும் விரல் மரத்துப்போகும். லீவரை ஹேண்டில்பாருக்கு நெருக்கமாக வைத்து இரண்டு விரலால் பிடித்துப் பழகாதவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

கொல்லிமலை வளைவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். இறங்கும்போது வலதுபக்கம் திரும்பும் வளைவென்றால் வெளிவட்டத்தில் போவோம். அங்கே தூரம் அதிகம், சரிவு குறைவு, சுலபம். இடதுபக்கம் திரும்பும் வளைவென்றால் உள்வட்டம். அதே உயரத்தை நாலு மீட்டரில் இறங்க வேண்டியிருப்பதால் தரை காலடியில் நழுவுவது போல இருக்கும். பேருந்தின் பின்சக்கரம் அரைத்து அரைத்து அந்த மூலையில் தார் அலையலையாகச் சுருண்டிருக்கும், ஓரத்தில் பொடிக்கல் ஒதுங்கியிருக்கும், சில இடங்களில் டீசல் சிந்திய பளபளப்பு. முன்பிரேக்கை அங்கே தொட்டால் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே மூலைக்கு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்க மிதியைக் கீழே வைத்து, பார்வையைச் சாலை போகும் பக்கம் திருப்பி, பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அதே நேரத்தில் கீழிருந்து பேருந்து வந்தால்? ஒரு பேச்சும் இல்லை. இறங்கி ஓரமாக நில்லுங்கள். அது திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும், ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. ஓட்டுநர்கள் மூலைக்கு முன்பே ஹாரன் அடித்துவிடுவார்கள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது கேட்காது. மிளகு, பலா, அன்னாசி ஏற்றிய லாரிகள் இறங்கும்போது அவற்றின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். பிரேக் லைனர் கருகும் வாடை வந்தால் நின்று அதை முன்னால் போகவிடுங்கள்.

இனி கல்லட்டி. ஊட்டி 2,240 மீட்டர், மசினகுடி ஆயிரத்தை ஒட்டி. தலைகுந்தாவில் பிரிந்து இறங்கும் இந்தச் சாலையில் மொத்த இறக்கமும் சிறிய தூரத்துக்குள் அடைபட்டிருக்கிறது. மற்ற இரண்டிலும் சராசரிச் சரிவு ஐந்து, ஆறு சதவீதம் என்றால் இங்கே ஒன்பதை ஒட்டி வரும், சில இடங்களில் அதைவிட நன்றாகவே அதிகம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில்கூட பிரேக்கை விட முடியாது. விட்டால் சில நொடிகளில் திரும்பவே முடியாத வேகம் வந்துவிடும். ஆகவே ஆற நேரமே இல்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று இங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு வந்தது. சாவடியில் நிறுத்தினால் "சைக்கிள்தானே சார்" என்று வாதாட வேண்டாம். கீழ்ப்பகுதி முதுமலையை ஒட்டிய யானைக் காடு. வளைவு திரும்பியதும் எதிரே யானை நின்றால், சூடேறிய பிரேக்கை நம்பி நிற்க வேண்டியிருக்கும்.

கல்லட்டிக்கு சைக்கிள் உலகில் பெரிய பெயர் இருக்கிறது, ஆனால் அது ஏற்றத்துக்கான பெயர். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸ் பயணத்தில் பேர் வாங்கிய கட்டம் இந்த மலையை ஏறுவதுதான். பெருமைக்கு ஏறுங்கள், இறங்க வேறு வழி பாருங்கள்.

சைக்கிளில் எந்த பிரேக் என்பது அடுத்த சண்டை. வி-பிரேக் என்பது ரப்பர் கட்டை ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கும் வகை. அதற்குக் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் அற்பம். ஆனால் சூடு முழுக்க ரிம்மில் ஏறுகிறது, ரிம்முக்குள் இருப்பது டியூப். நீண்ட இறக்கத்தில் இது எனக்குப் பிடிக்காத கூட்டு. மழை பெய்தால் கட்டையில் மண் ஒட்டி ரிம்மையே அரைக்கும். ஏற்காட்டுக்கு, காய்ந்த நாளில், பரவாயில்லை.

டிஸ்க் பிரேக் பிடிப்பது ரிம்மை அல்ல, சக்கர நடுவில் இருக்கும் உலோகத் தட்டை. அதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிடிப்பில் ராஜா. ஒரு விரல் போதும், பேட் (தட்டைப் பிடிக்கும் கட்டை) தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஆயில் ஒழுகிவிட்டாலோ காற்று புகுந்துவிட்டாலோ கொல்லிமலைப் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் சரிசெய்ய ஆள் தேட முடியாது. கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கில் வேறு தொல்லை: பெரும்பாலானவற்றில் ஒருபக்க பேட்தான் நகரும், மற்றது அசையாது. இறங்க இறங்கப் பேட் தேய்ந்து லீவர் ஹேண்டில்பாரைத் தொட ஆரம்பிக்கும். லீவர் பக்கத்தில் இருக்கும் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் மீண்டும் இறுகும். இதை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு வாருங்கள். கேபிள் அறுந்தால் நாமக்கல்லில் எந்த சைக்கிள் கடையிலும் புதிது கிடைக்கும். கொல்லிமலைக்கு நான் பரிந்துரைப்பது மெக்கானிக்கல்தான், கூடவே உலோகப் பொடி கலந்த பேட். ரெசின் (பிசின் வைத்துச் செய்த) பேட் சத்தம் போடாது, ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும், சீக்கிரம் தேயும்.

இதையெல்லாம் யோசிக்காமல் இறங்கியவர்களும் இருந்தார்கள். 1976-இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுன்டியில் சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்கும் மண் பாதையில் பழைய கனத்த சைக்கிள்களை வைத்துப் பந்தயம் விட்டார்கள். மிதியைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பிரேக் பலரிடம். ஒருமுறை இறங்கினால் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், பிரித்துப் புதிதாக அடைத்தால்தான் மறுபடி ஓட்டலாம். இன்றைய மவுண்டன் பைக் பிறந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான்.

ஆக, முதன்முறை என்றால் வார நாளில், விடிந்தவுடன், ஏற்காடு. கை பழகியதும் கொல்லிமலை. இடையில் இரண்டு மூன்று இடங்களில் நின்று டிஸ்க்கை ஆறவிடுங்கள், விரலால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள். டயரில் காற்றை மண் பாதைக்கு வைப்பதைவிடக் கூட்டி 40 பிஎஸ்ஐ சுமாருக்கு வையுங்கள், இல்லையென்றால் முள் டயர் வளைவில் நெளியும். சைக்கிளை மேலே கொண்டுபோகக் காரவள்ளிப் பக்கம் குட்டி யானை (சின்ன லோடு வண்டி) பேசிக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன்பே வாடகையை முடிவு செய்துவிடுங்கள், ஹேண்டில்பாருக்கும் பாடிக்கும் நடுவில் வைக்க ஒரு பழைய சாக்கும் எடுத்துப் போங்கள்.