ஆக்டேவியாவுக்கு ‘ஸ்டேஜ் 1’ போடப் போகிறீர்களா? கியர்பாக்ஸுக்கு யார் பதில் சொல்வார் என்று முதலில் கேளுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் டி.எஸ்.ஜி. என்ற இரட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ஸ்கோடாவோ ஃபோக்ஸ்வேகனோ வைத்திருப்பவர்கள், ரீமேப் போடுவதற்கு முன், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி வலுவைக் கூட்டுவதற்கு முன் (அதன் முதல் கட்டம்தான் ‘ஸ்டேஜ் 1’), இதைப் படித்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து லேப்டாப்பைச் செருகி, “50 குதிரை கூட்டித் தர்றேன்” என்று சொல்லும் ஆட்கள் நம் பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவருக்கு 45,000 ரூபாய் கொடுத்தேன். அதன் பலனாக க்ளட்சுக்கு ஒன்றேகால் லட்சம் தண்டம் அழுதேன்.

வண்டி 2018 ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டி.எஸ்.ஐ. கம்பெனி கணக்கில் 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை. இந்த 250-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். இதே 1.8 எஞ்சினை ஸ்கோடாவின் அப்போதைய சூப்பர்பிலும் போட்டார்கள். மேனுவல் சூப்பர்பில் டார்க் 320. அதே சூப்பர்ப், அதே எஞ்சின், ஆட்டோமேட்டிக்கில் வாங்கினால் 250 தான். எஞ்சினால் முடியாமல் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டி.க்யூ.200 என்ற ஏழு கியர் பெட்டி. உலர் க்ளட்ச், அதன் வரம்பு 250. அதனால் கம்பெனியே எஞ்சினின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. 2017-ல் 350 நியூட்டன் மீட்டரோடு வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸுக்கு இந்தப் பெட்டியைக் கொடுக்கவில்லை. எண்ணெயில் நனைந்து ஓடும் க்ளட்ச் உள்ள ஆறு கியர் டி.க்யூ.250-ஐக் கொடுத்தார்கள். இதெல்லாம் ரகசியம் ஒன்றும் இல்லை, வண்டியின் விவரப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

வந்தவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். “தம்பி, இது டி.க்யூ.200 ஆச்சே, 250-க்கு மேல போனா தாங்குமா?”

“அண்ணே, அதெல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்துறதுக்குச் சொல்றது. கியர்பாக்ஸ் மேப்பும் சேத்துதான் போடுறேன். 340 வரைக்கும் அசால்ட்டா தாங்கும்ணே.”

கியர்பாக்ஸுக்கும் சேர்த்துத்தான் அந்த 45,000 என்பது வாட்ஸ்அப்பிலும் எழுத்தாக இருக்கிறது. பின்னால் அது உதவியது.

வேலை நடந்தது என் அரிசி மில் கொட்டகையில். பக்கத்தில் நின்று பார்த்ததால் சொல்கிறேன். இ.சி.யு.வில், அதாவது எஞ்சின் கணினியில், எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கவே கூடாது. பாதியில் இறங்கினால் கணினி செத்துப்போகும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்கென்று சார்ஜர் மாட்டித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இவரிடம் சார்ஜரே இல்லை. ஏ.சி. ப்ளோயர்கூட ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் எட்டி அணைத்தேன். வண்டியின் கணினிகளோடு பேச உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகிய பெட்டியில் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. மென்பொருளைத் திறப்பதற்கு முன் லேப்டாப்பின் வைஃபையை அணைத்தார். “நெட்டு இருந்தா மக்கர் பண்ணும்ணே” என்றார். போலிக் கருவிகளின் அடையாளமே அதுதான். அசல் கருவிகள் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசி உரிமத்தைச் சரிபார்க்கும். போலியானது இணையத்துக்குப் போனால் பூட்டிக்கொள்ளும், அதனால் அதை இணையத்துக்கே விடமாட்டார்கள்.

வண்டியில் ஏற்ற வேண்டிய மேப் ஃபைல் அவருடைய போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அங்கிருந்து பென் டிரைவ், பென் டிரைவிலிருந்து லேப்டாப். திரையில் ஃபைலின் பெயரில் ‘சூப்பர்ப்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, “இது என் வண்டி இல்லையே?” என்றேன். “ஒரே எஞ்சின்தாண்ணே” என்றார். என் வண்டியில் இருந்த அசல் ஃபைலை அவர் வெளியே எடுத்ததாகத் தெரியவில்லை. நேராக எழுதத்தான் செய்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இழுவை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். விக்கிரவாண்டி ரோட்டில் லாரியைத் தாண்டும்போது முதுகு சீட்டோடு ஒட்டியது. ஆக்ஸிலேட்டர் மேப்பைக் கூர்மையாக்கினாலே பாதி சந்தோஷம் வந்துவிடும் என்பது அப்புறம் தெரிந்த விஷயம்.

சம்பா அறுவடை தொடங்கியதும் வினை வந்தது. தை, மாசியில் நம் ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாதி ரோட்டில் நெல் காயும், மீதி ரோட்டில் அறுப்பு மிஷின் நகரும், அதன் பின்னால் நாம் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் தவழ வேண்டும். உலர் க்ளட்சுக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. பாபநாசம் தாண்டியதும் வண்டிக்குள் காந்தல் வாசனை. கும்பகோணம் போய்ச் சேர்வதற்குள் மீட்டரில் கியர் எண் மின்ன ஆரம்பித்தது. எஞ்சின் விளக்கு மட்டும் கடைசி வரை எரியவே இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கும்பகோணத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சக்கரத்தின் பக்கம் ஒரு சுற்று வந்து மோந்துவிட்டு, “தம்பி, இது பிரேக் வாசனை இல்லங்க. க்ளட்ச் தீயிது. மேப்பு கீப்பு எதுவும் போட்டீங்களா?” என்றார்.

கோயம்புத்தூரில் இதே தொழிலை ஒழுங்காகச் செய்யும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் இரண்டு கணினிகளையும் படித்துக் காட்டியது இது.

கியர்பாக்ஸ் கணினியில், அதாவது டி.சி.யு.வில், யாரும் கையே வைக்கவில்லை. எத்தனை தடவை எழுதப்பட்டது என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கும். அது நகரவில்லை. எஞ்சின் ஃபைலிலோ டார்க் அட்டவணைகளை மாற்றி வைத்திருந்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டி.எஸ்.ஜி.க்கு எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்று நேரடியாகத் தெரியாது. எஞ்சின் கணினி சொல்வதை நம்பித்தான் க்ளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று அது தீர்மானிக்கிறது. எஞ்சின் கணினி சொல்லும் டார்க் 250-ஐத் தாண்டினால் கியர்பாக்ஸ் குறுக்கிட்டு, “குறை” என்று எஞ்சினுக்குச் சொல்லும். அந்தக் குறுக்கீடு வராமல் இருக்க, தருவது 300-க்கு மேல் என்றாலும் 240 என்றே சொல்லும்படி எழுதியிருக்கிறார்கள். எங்கள் மில் ஆளிடம் 60 கிலோ மூட்டை என்று சொல்லிவிட்டு 100 கிலோவைத் தோளில் இறக்கினால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்திருக்கிறது. 240-க்கு இறுக்கிப் பிடித்த க்ளட்ச், மேலே வந்த சுமையில் வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது.

எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை? பல பிழைக் குறியீடுகளை ஃபைலிலேயே அணைத்து வைத்திருந்தார்கள். சென்சார் கத்தினாலும் டேஷ்போர்டுக்குச் செய்தி வராது. எனக்கு அதிகக் கோபம் வந்தது இங்கேதான். க்ளட்ச் போனது கூடப் பரவாயில்லை, போகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டிய விளக்கையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறார்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. அந்த ஃபைலின் பற்றவைப்பு நேரம் வெளிநாட்டு 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியதுபோல் இருந்தது (ஆக்டேன் என்பது எஞ்சினில் தட்டாமல் எரியும் தரம்). நம் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு, எனவே அதே காற்றுக்கு எரிபொருள் அளவைக் கூட்டித் தெளிக்க வேண்டும். ஃபைலை எழுதியவர் இதை மனதில் வைக்காவிட்டால், கணினி தானாகத் திருத்தித் திருத்தி எல்லைக்குப் போய்விடும். ஓட்டும்போது எடுத்த பதிவில், அதாவது லாக்கில், முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் தட்டுவதை நாக்கிங் சென்சார் சொல்லச் சொல்ல, கணினி பற்றவைப்பு நேரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. 230 குதிரை என்று விற்றார்கள். அதில் எத்தனை நிஜமாகச் சக்கரத்துக்குப் போனது என்று டைனோவில், அதாவது வலுவை அளக்கும் உருளை மேடையில், ஏற்றாமல் யாரும் சொல்ல முடியாது.

போட்டவரைக் கூப்பிட்டேன். “அண்ணே, க்ளட்ச் முன்னாடியே வீக்கா இருந்திருக்கும்.” சரி, பழைய ஃபைலையாவது திருப்பிப் போடு என்றால், “அது என்கிட்ட இல்லண்ணே, வேற ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கணும், தனிச் செலவு ஆகும்.” எடுத்திருந்தால்தானே இருக்கும். வண்டியிலிருந்து எதையும் படிக்காமல், மென்பொருள் எண்ணை மட்டும் பார்த்து எங்கோ உள்ள தொகுப்பிலிருந்து ஃபைல் வாங்கிப் போடும் முறை இந்தத் தொழிலில் சாதாரணம். அதுவே தப்பில்லை, எண் பொருந்தினால். பொருந்தாத சூப்பர்ப் ஃபைலை ஏற்றிவிட்டு அசலையும் தொலைத்தால் வண்டிக்காரன் எங்கே போவான்?

இனி, மென்பொருள் தேடுபவர்களுக்கு. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கு ஏ.பி.ஆர்., யூனிட்ரானிக், ரெவோ போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் ஆயத்த ஃபைல்கள் உண்டு. எந்த எஞ்சின், எந்த ஆக்டேன் என்று அவர்களே வகை பிரித்துச் சொல்வார்கள். உங்கள் கியர்பாக்ஸுக்கு எத்தனை டார்க் வரை போகலாம் என்பதை அந்த டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு வழி, உங்கள் வண்டியின் ஃபைலையே வெளியே எடுத்து வின்ஓ.எல்.எஸ். போன்ற மென்பொருளில் திறந்து, லாக் பார்த்துப் பார்த்துத் திருத்துவது. நல்ல ஆள் கிடைத்தால் இதுதான் சிறந்தது என்பது என் கட்சி, ஏனென்றால் நம் பெட்ரோலுக்கும் நம் வெயிலுக்கும் எழுதலாம். ஆனால் அந்த நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒரே சோதனை: “லாக் எடுக்காமல் போட முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் வெவ்வேறு கணினிகள், வெவ்வேறு ஃபைல்கள் என்பதை மறக்காதீர்கள். பி.எம்.டபிள்யூ.வின் இசட்.எஃப். எட்டு கியர் பெட்டிக்கு எக்ஸ்.ஹெச்.பி. என்று தனி மென்பொருளே இருக்கிறது. ஹெச்.பி. டியூனர்ஸில் ஜி.எம். வண்டிகளின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியே திறந்து பார்க்கலாம், உரிமமும் அந்தந்த வண்டியோடு கட்டப்பட்டிருக்கும். ‘எல்லாம் சேத்துதாண்ணே’ என்று ஒருவர் சொன்னால், டி.சி.யு.வின் பழைய மென்பொருள் எண்ணையும் புதிய எண்ணையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். டி.க்யூ.200-ஐப் பொறுத்தவரை டி.சி.யு. மேப்பை மாற்றினாலும் க்ளட்ச் தகடு பெரிதாகிவிடாது. இறுக்கத்தைக் கூட்டலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு.

“ரீமேப் வேண்டாம், டியூனிங் பாக்ஸ் மாட்டிக்கலாம், கழட்டினா தடமே இருக்காது” என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெட்டி செய்வது டர்போ அழுத்த சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டுவது. எஞ்சின் கணினியே ஏமாந்து குறைந்த டார்க் என்று கணக்குப் போடும், அதையே கியர்பாக்ஸுக்கும் சொல்லும். என் வண்டிக்கு நடந்த அதே பொய்தான், வேறு வாசல் வழியாக வருகிறது.

வாரண்டி உள்ள வண்டி என்றால் இன்னும் உஷார். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் மாற்றிய மென்பொருளைக் கண்டால் டி.டி.1 என்று ஒரு குறி வைத்துவிடுவார்கள், அதன்பின் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டிக்குப் போராட வேண்டியதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும்.

பில் விஷயம். என்னிடம் ஜி.எஸ்.டி. பில் கிடையாது, கேட்டதற்கு “நாளைக்கு அனுப்புறேண்ணே” என்பதே பதில். வாட்ஸ்அப் பேச்சும், பணம் போன ஜிபே பதிவும், கோயம்புத்தூரில் எடுத்த லாக்கும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இணையம் வழியாகவும் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனு நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்வதற்கில்லை.

இதே மாதிரி கொட்டகையில் மேப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், மேனுவல் மோடில் நான்காவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்து, வேக வரம்புக்குள் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் க்ளட்ச் வழுக்குகிறது. காலை எடுத்துவிட்டு மெதுவாக வீட்டுக்கு வந்துவிடுங்கள். அசல் ஃபைல் திரும்ப ஏறும் வரை கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குள் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.