புண்ணாக்கு தவிடா, மிதவைத் தீவனமா? கெண்டைக் குஞ்சு வளர்ப்பவர்களுக்கு

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து குளம் நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடுவது டெல்டாவில் வழக்கம். தீவனத்துக்கு இரண்டு வழி. கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி கலந்து போடலாம். இல்லையென்றால் மூட்டையில் வரும் மிதவைத் தீவனம், அதாவது தண்ணீரில் மிதக்கும் சிறு உருண்டைகள். நான் மிதவைக்கு மாறியவன், அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

விலையில் பழைய கலவையே மலிவு. நெல் விளையும் ஊரில் தவிட்டுக்கா பஞ்சம்?

புரதக் கணக்கைப் பாருங்கள். புண்ணாக்கில் 40 முதல் 45 சதவீதம், தவிட்டில் 12 முதல் 14. சரிபாதி கலந்தால் 30-ஐத் தொடாது. வளர்ந்த மீனுக்கு அது போதும், குஞ்சுக்கு 30-க்கு மேல் வேண்டும். புண்ணாக்கைக் கூட்டலாமே என்பீர்கள். கடலைப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. கூட்டக் கூட்ட அந்தக் குறையும் கூடவே வரும். மூட்டைத் தீவனத்தில் சோயா, மீன்தூள் எனப் பலதும் சேர்த்து இதை ஈடுகட்டுகிறார்கள்.

இதையெல்லாம்விட என்னை மாற்றியது வேறு. நாம் கரையில் கலக்கிற விகிதம் குஞ்சின் வாய்க்குப் போய்ச் சேர்வதில்லை. தூளாக வீசினால் தவிடு மிதந்து, காற்றடிக்கும் பக்கமாய்க் கரையில் ஒதுங்கும். புண்ணாக்கு சேற்றில் போய் உட்காரும். மேலே மேயும் கட்லாவுக்குத் தவிடு, அடியில் மேயும் மிர்காலுக்குப் புண்ணாக்கு, நடுவில் திரியும் ரோகுவுக்குக் கிடைத்தது லாபம். பிசைந்து உருட்டித் தட்டில் இறக்கினால் தேவலாம்தான், ஆனால் அதுவும் ஊறிக் கரையும். மிச்சம் அழுகினால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளக்கும். மிதவையில் ஒவ்வொரு உருண்டையிலும் ஒரே சேர்மானம். தின்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும், மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை குறைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழையில் புண்ணாக்கு பூஞ்சை பிடிக்கும், அஃப்லாடாக்சின் நஞ்சு ஏறும். தவிடு சிக்கு வாடை அடிக்கும். மிதவை மூட்டையை ஈரத்தரையில் போட்டாலும் அதே கதிதான், பலகை வேண்டும்.

மிர்கால் விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலே வரத் தயங்குகிறதே என்று ஊறிய புண்ணாக்கைக் கொஞ்சம் தட்டில் இறக்குகிறேன். மூன்றும் ஒரே குளத்தில் கிடப்பதால் அதன் பலனைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. மீன் அரைக்கிலோவைத் தாண்டியபின் மிதவை எனக்குக் கட்டுபடியாவதில்லை. அப்போது பழைய கலவையையே துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறேன். சாக்குக்குள் அது பிரிந்துபோக இடமில்லை.